இடக்கை தொடாத சோறு

நாற்பத்தொன்பது வயதில், மீசை நரைத்த பிறகு, பதினொரு மாதம் நான் மனைவி ஊட்டிவிட்ட சோற்றைச் சாப்பிட்டேன். இதைக் கோயில் மலரில் எழுத வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கமான பகுதி ஒன்று உண்டு. அந்தப் பதினொரு மாதமும் முருகனுக்கு நான் கடும் விரதம் பிடித்துக்கொண்டிருப்பதாக மனதார நம்பினேன்.

என்னைத் தெரியாத அடியார்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பிரெஞ்சு நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கிறேன். டோர்வல் விமான நிலையத்தருகே விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. ஓய்வு நேரத்தில் நம்மவர் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். மற்றவர்களுடைய மடமைகள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். என்னுடையது மட்டும் எழுதப்படாமல் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முந்திய மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. காரைச் சுற்றியிருந்த பனியை அள்ளிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். வலக்கை பாரமாக இருந்தது. பனி அள்ளிய களைப்பு என்று எண்ணெய் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். வதனி, அவள்தான் என் மனைவி, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கிளாஸ் கையை விட்டு நழுவி மடியில் கொட்டியது. சூடு தெரிந்தது. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் அம்புலன்ஸைக் கூப்பிட்டபோது, கோணிப்போன வாயால் "வேண்டாம், படுத்தெழும்பினாச் சரியாயிடும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பாரிசவாதம். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. கால் சில கிழமைகளில் ஓரளவு வந்தது. பேச்சும் வந்தது, இதில் சில நண்பர்களுக்கு ஏமாற்றம். கை மட்டும் வரவில்லை. யாரோ என்னிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித் தந்துவிட்டுப் போன சாமான்போலத் தோளில் தொங்கியது. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. திருநீறு பூச எழும்பாது. கும்பிடக் கைகள் சேராது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். பகிடி எழுதுகிறவன் அழுதால் யாரும் நம்பமாட்டார்கள். போர்வைக்குள் அழுதேன்.

அங்கேதான் அந்த விரதம், என் நேர்த்தி, பிறந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாதி ஒரு கரண்டியை என் இடக்கையில் வைத்தாள். சோற்றை இடக்கையால் தொடுவதா! கரண்டியைத் திரும்ப வைத்தேன். கண்ணை மூடினேன். "முருகா, என் வலக்கையைத் திருப்பித் தா. அது வரும்வரைக்கும் இடக்கையால் ஒரு பருக்கை தொடமாட்டேன்" என்று நேர்ந்தேன்.

கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது. வலக்கை எழும்பாது, இடக்கை தொடாது என்றால் சோறு எந்த வழியாக வாய்க்குப் போகும் என்பதை நான் முருகனுக்கு விளக்கவில்லை. வதனியிடம் கேட்கவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. அவள் குழைத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

சித்திரை கடைசியில் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான். வதனி எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்தாள். கைக்குழந்தைகள் பகுதி. நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்குவதும் ஊட்டுவதும் வேலை. காலையில் எனக்கு ஊட்டிவிட்டுப் போவாள். மத்தியான இடைவேளைக்கு அரை மணித்தியாலம். அதற்குள் வீட்டுக்கு நடந்து வந்து, கறியைச் சூடாக்கி, குழைத்து ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, திரும்ப நடந்து போவாள். பனியிலும் வந்தாள். பின்னேரம் வந்து என்னைக் குளிக்க வார்ப்பாள். குளியல் தொட்டியிலிருந்து என் முழுப் பாரத்தையும் தூக்கி வெளியே எடுப்பாள். நான் மெல்லிய ஆள் இல்லை.

கோயிலில் என் நேர்த்தியின் புகழ் பரவியது. "இந்தக் காலத்தில இப்பிடியொரு பக்தியோ!" என்று ஒரு மாமி கண் கலங்கினார். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். அடக்கமாக நிற்பது எனக்கு நன்றாக வரும். பக்கத்தில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளை யாரும் புகழவில்லை.

இடையில் சிகிச்சையும் நடந்தது. மறுவாழ்வு நிலையத்தில் கைப்பயிற்சி தருபவள் நாதலி. ஹெயிட்டியில் பிறந்தவள், உரத்த குரல், உரத்த சிரிப்பு. அவளுடைய பிரெஞ்சை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எனக்குச் சொல்லத் தெரியும். வைகாசி மாதம் என் சுட்டுவிரல் ஒருநாள் லேசாக நிமிர்ந்தது. நான் கவனிக்கவில்லை. அவள் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

"மிஸ்யூ! அது அசையுது! இனி எல்லா வேலையும் அந்தக் கையால செய்யுங்கோ. கரண்டியைக் கட்டித் தாறன். அதால சாப்பிடுங்கோ. சிந்தினா சிந்தட்டும்."

நான் மறுத்தேன். அன்னத்தைச் சிந்துவது எங்களுக்கு மரியாதை இல்லை என்று விளக்கினேன். முருகன் தரும்போது முழுக் கையாகத் தருவார், இந்த அரைகுறைக் கையை வைத்து அவசரப்படக் கூடாது என்று மனதுக்குள் முடிவுகட்டினேன். நாதலி தந்த பயிற்சித் தாளை பிரிட்ஜில் ஒட்டினேன். அதை வாசித்தும் பார்த்தேன். எழுத்து நடை சுமார் என்று பட்டது. மூன்று மாதத்தில் கிழமை வகுப்புகள் முடிந்தன. வீட்டில் தொடர்ந்து செய்யச் சொன்னார்கள். நான் வீட்டில் தொடர்ந்து பிரார்த்தித்தேன்.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. மூளை எதையும் திரும்பப் படிக்க ஆயத்தமாக இருந்த காலம் அது என்று பிறகு நாதலி சொன்னாள். பிந்தியும் வரும், ஆனால் இழுபட்டு வரும் என்றாள். பேருந்து வாசலில் வந்து நின்றது. நான் தேர் வரும் என்று காத்திருந்தேன்.

மார்கழியில் ஒருநாள் வதனியின் கை என் வாய்வரை வரவில்லை. சோற்று உருண்டையோடு நாடிக்குக் கீழே நின்றுவிட்டது. "கொஞ்சம் குனியுங்கோ" என்றாள். குனிந்தேன். அடுத்த நாளும் குனியச் சொன்னாள். குனிந்தேன். இரண்டு கிழமை, ஒருநாளைக்கு மூன்று வேளை, குனிந்து குனிந்து சாப்பிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் எதை அழிக்கலாம் என்று முருகன் கேட்டால், இந்த இரண்டு கிழமையைத்தான் காட்டுவேன்.

தை மாதம் மறுபரிசோதனைக்கு நாதலியிடம் போனோம். என் கோட்டைக் கழற்ற வதனி எட்டினாள். முகத்தைச் சுளித்தாள். நாதலி என் கையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"மடாம், கையைத் தூக்குங்கோ பாப்பம்."

வதனியின் வலக்கை நெஞ்சு மட்டத்தோடு நின்றது. அதற்கு மேல் தோளே கூடச் சேர்ந்து எழும்பியது.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாள்தான்."

"கொஞ்ச நாள் எண்டா?"

"நவம்பரில இருந்து."

நாதலி எழுதிக்கொண்டாள். யார் குளிக்க வார்ப்பது, யார் உடுப்பு மாற்றுவது, யார் ஊட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். பிறகு கேட்டாள்: "மத்தியானம் வீட்டை வந்து இவருக்குக் குடுக்கிறியள். நீங்கள் எப்ப சாப்பிடுவியள்?"

வதனி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "திரும்பி நடக்கேக்க ஒரு பிஸ்கட் சாப்பிடுவன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"சில நாள் ரெண்டு."

அந்த அறையில் நான் கதிரையோடு சேர்ந்து நிலத்துக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மத்தியானம் சாப்பிட்டாளா என்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கறியில் உப்புக் குறைவு என்று சொல்லியிருக்கிறேன்.

தோள் இறுகிவிட்டது என்று நாதலி சொன்னாள். வதனியும் ஒரு வைத்தியரிடம் போக வேண்டும், இனி ஒருவரையும் தூக்கக் கூடாது, ஒருவருக்கும் ஊட்டக் கூடாது. நான் என் பிரெஞ்சைத் திரட்டி, நேர்த்தி என்றால் என்ன என்று தொடங்கினேன். நாதலி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மிஸ்யூ, நானும் ஞாயிறு தவறாமச் சேர்ச்சுக்குப் போறனான். நானும் கடவுளிட்டக் கேக்கிறனான். ஆனா கேட்டுப்போட்டு, அவர் குடுத்தனுப்பின தாளை பிரிட்ஜில ஒட்டிவைக்கிறேல்லை."

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கூட்டம் கலைந்த பிறகு குருக்கள் ஐயாவிடம் ஒதுங்கிப் போய்க் கேட்டேன். "ஐயா, நேர்த்தியை முறிச்சாப் பெரிய குற்றமோ?"

"என்னெண்டு நேந்தனீங்கள்?"

சொன்னேன். அவர் தட்டில் கிடந்த பூவை ஒதுக்கிக்கொண்டே யோசித்தார். "இடக்கையால சாப்பிடமாட்டன் எண்டு நேந்தனீங்கள். சரி. வலக்கையாலயும் சாப்பிடமாட்டன் எண்டு நேந்தனீங்களோ?"

"இல்லை ஐயா."

"அப்ப என்னத்தை முறிக்கிறது? நீங்கள் இன்னும் தொடங்கேல்லை எல்லோ. இண்டைக்குத் தொடங்குங்கோ."

இவ்வளவு படித்த எனக்கு அது பதினொரு மாதமாகத் தோன்றவில்லை. இடக்கையை ஒதுக்கு என்றால் வலக்கையைப் பாவி என்றுதான் பொருள். நான் அதற்கு, வதனியின் கையைப் பாவி என்று உரை எழுதியிருந்தேன்.

சந்நிதியில் நின்றேன். இடக்கையால் வலக்கையை இழுத்து வைத்துக் கும்பிட்டேன். அதுவரை நான் கேட்டதெல்லாம் எனக்காகத்தான். அன்று வேறு கேட்டேன். "முருகா, முழுக் கை வேண்டாம். நான் கேட்ட விதம் பிழை. வதனியின் சாப்பாட்டுக் கோப்பையில் என் கையால் ஒரு அகப்பை சோறு போடுமளவுக்கு வந்தால் போதும். அவளுடைய தோளைத் திருப்பிக் கொடு." பத்து நிமிடத்துக்கு மேல் அழுதேன். போர்வை இல்லாமலே அழுதேன்.

அடுத்த நாள் தொடங்கினேன். நாதலி சொன்னபடி, இடக்கைக்கு ஒரு தடித்த குளிர்க் கையுறையை மாட்டிக் கட்டிவிடுவது. ஒருநாளைக்கு ஐந்து மணித்தியாலம் அந்தக் கை விடுமுறையில். மிச்ச வேலையெல்லாம் வராத கை செய்ய வேண்டும். மேசையில் ஒரு துவாயை விரித்து அதன்மேல் கையை வைத்துத் தள்ளுவது. உடுப்புக்குப் போடும் கிளிப்பை ஒரு கம்பியிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டுவது. சுண்டற்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது. முதல் நாள் ஒரு கடலை. அதுவும் கிண்ணத்துக்கு வெளியே.

சாப்பாடு இன்னும் மோசம். தடித்த பிடி வைத்த கரண்டியைக் கையோடு கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு இருந்தால், எழும்ப ஒன்றேகால். சோற்றில் பாதி சட்டைக்கும் நிலத்துக்கும் போகும். வதனி எதிரே இருந்து தன் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். அவள் சூடாகச் சாப்பிடுவதை நான் அந்த மேசையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கார்டெரியில் விடுப்பு எடுத்திருந்தாள். கைக்குழந்தைகளைத் தூக்கும் வேலைக்கு அவள் இன்றுவரை திரும்பவில்லை. பெரிய பிள்ளைகள் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் பெயர்களை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கும் பயிற்சி தந்திருந்தார்கள். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே நடத்துவது. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒரு மூலையில் அவள் சுவரில் ஏறுவாள், மறுமூலையில் நான் துவாயைத் தள்ளுவேன். டொரோண்டோவில் படிக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன, ட்ராஃபிக் பொலிஸ் வேலைக்குப் போறியளோ?" என்றாள்.

வைகாசிவரை முன்னேற்றம் தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது. ஆனியில் நான்கு கிளிப், ஆடியில் நான்கு, ஆவணியிலும் நான்கு. முருகன் என்னைக் கைவிட்டார் என்று தோன்றியது. என்னுடைய முந்திய நடத்தைக்கு அது நியாயமாகவும் பட்டது. ஒருநாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டேன். வதனி சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். படுத்த இடத்திலிருந்து அந்தக் கோடுகளைப் பார்த்தேன். இரண்டு மாதக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, சுவரில் ஒரே கறுப்பாக இருந்தது. அவளுக்கும் நின்றுதான் போயிருந்தது. அவள் நிறுத்தவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டாள். நான் எழும்பிக் கையுறையை மாட்டினேன்.

புரட்டாதியில் ஏழு கிளிப். முழங்கை நீண்டது. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. வதனி ஆறு நாளும் விரதம். ஏழாம் நாள் காலை கோயிலுக்குப் போய்வந்து பாறணை, விரதம் முடிக்கும் சாப்பாடு. அன்று சமையல் என்னுடையது. சோறு, பூசணிக்காய்க் கறி, பருப்பு, சொதி. காய் வெட்டவே முந்தின நாள் பின்னேரம் முழுக்கப் போனது. அவளை மேசையில் இருக்கச் சொன்னேன். கோப்பையை அவளுக்கு முன்னால் வைத்தேன். வலக்கையால் அகப்பையைப் பிடித்தேன். சோற்றை அள்ளினேன். தூக்கினேன்.

கை நடுங்கியது. பானைக்கும் அவளுடைய கோப்பைக்கும் நடுவில் ஒரு முழத் தூரம் இருந்திருக்கும். டோர்வலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவ்வளவு தூரம் இல்லை என்று பட்டது. வதனி உதவிக்குக் கை நீட்டவில்லை. பதினொரு மாதம் எனக்கு ஊட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. சோற்றில் பாதி மேசையில் கொட்டியது. பாதி கோப்பையில் விழுந்தது.

அவள் மேசையில் கிடந்த பருக்கைகளை ஒன்றுவிடாமல் விரலால் கூட்டிக் கோப்பைக்குள் சேர்த்தாள். "இப்ப இவ்வளவு காணும். பேந்து இன்னும் போடுங்கோ" என்றாள்.

"ஒரு வாய் ஊட்டிவிடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். சாறியில கொட்டும்."

உப்பு எப்படி என்று கேட்டேன். குறைவு என்றாள்.

அடியார்களே, நான் கேட்டதை முருகன் தந்தார். கேட்ட அளவுக்குச் சரியாகத் தந்தார். என் கை இன்று காதுமட்டம்வரை எழும்பும். திருநீறு மூன்று குறியும் நெற்றியில் விழும், கோடு கொஞ்சம் சரிவாக. இரண்டு கையும் தாமாகச் சேரும். சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். குளிர் கூடினால் விரல்கள் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இன்னும் தினமும் பயிற்சி செய்கிறேன். டோர்வலில் பாரமில்லாத வேலை தந்திருக்கிறார்கள். வதனியின் தோள் பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தலைமுடி பின்ன அவளால் முடியாது. எனக்கும் பின்ன வராது. முடியைக் கட்டையாக வெட்டிவிட்டாள். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. ஆனாலும் அவள் வெட்டிய முடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு கிழமை நினைவுக்கு வருகிறது.

என் கை வருவதற்காகத்தான் முருகன் அவளுடைய தோளை இறுக்கினார் என்று ஓரிருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். தோளை இறுக்கியவன் நான். முருகன் செய்தது, அதை ஒரு ஹெயிட்டிப் பெண்ணின் வாயாலும் ஒரு குருக்களின் வாயாலும் எனக்குக் காட்டியது. எனக்குக் கிடைத்த அற்புதம் அதுதான். கை அதற்குப் பின்னால் வந்தது.

நீங்களும் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். எவ்வளவு பிந்தினாலும் பதில் வருகிறது, இதற்கு என் கை சாட்சி. நேர்த்தி வைக்கிறதென்றாலும் வையுங்கள். வைத்த அன்றைக்கே வீட்டில் ஒருதரம் திரும்பிப் பாருங்கள், அதை யார் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று. பிறகு பிரிட்ஜில் ஏதாவது தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை நான் முதலில் போன தைப்பூசத்தன்று கோயில் மண்டபத்தில் பேசினேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த மாமி என் வலக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்னதான வரிசையில் வதனிக்குப் பின்னால் போய் நின்றேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கதைச்சியள்," என்றாள் வதனி. "ஆனா இஞ்சாருங்கோ, முழு நேரமும் மைக்கை இடக்கையாலதான் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."